கைப்பேசியில் சிதறிக் கிடக்கும் மருத்துவ ஆவணங்கள்: ஒழுங்குபடுத்தும் வழிகள்

புறநோயாளிகள் பிரிவில் ஒரு நோயாளிக்கென எங்களால் ஒதுக்க முடிகின்ற நேரம் பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் அடங்கிவிடுகிறது. அதில் நான்கைந்து நிமிடங்கள் கைப்பேசித் திரையை விரலால் தள்ளித் தள்ளித் தேடுவதிலேயே கழிவதை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். திருமணப் படங்கள், காலை வணக்கச் செய்திகள், பச்சைத் தேயிலை விலை அறிவிப்புகள் ஆகியவற்றுக்கு நடுவே ஓர் இரத்தப் பரிசோதனை அறிக்கை தென்படும். படத்தின் மேற்பகுதி வெட்டுப்பட்டிருப்பதால் அது யாருடையது, எந்த ஆண்டினது என்பது தெரியாது. "இதுலதான் இருந்துச்சு டாக்டர், பையன் அனுப்பினான்" என்று நோயாளி தயங்குவார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருக்கும்.

முன்பு மஞ்சள் பையில் தாள்களைக் கட்டிக்கொண்டு வந்தனர். அந்தப் பையில் மஞ்சள் கறை படிந்த சீட்டும், சுருட்டிய எக்ஸ்-ரேயும், ரேஷன் அட்டை நகலும் கலந்து கிடந்தாலும், மேசைமீது கொட்டிவிட்டால் ஒரே பார்வையில் அனைத்தும் கண்ணுக்குத் தெரிந்தன. கைப்பேசியில் அவ்வாறு கொட்டிப் பார்க்க இயலாது. ஒரு நேரத்தில் ஒரு தாளையே அது காட்டும். எனவே கைப்பேசிக்கு மாறிய ஆவணங்களுக்கு, பையில் இருந்த ஆவணங்களைவிடக் கூடுதலான ஒழுங்கு தேவைப்படுகிறது.

நம் மாவட்டத்தில் இத்தேவை இன்னும் அதிகம். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர் முதலில் தோட்ட மருந்தகத்துக்குச் செல்கிறார். அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையம். பின்னர் குன்னூர் அரசு லாலி மருத்துவமனை அல்லது உதகை. தேவைப்பட்டால் மலையிறங்கிக் கோவை. கூடலூர், பந்தலூர் பகுதி மக்களுக்குச் சுல்தான் பத்தேரியும் கோழிக்கோடும் மைசூருவும் வழக்கமான இடங்கள். ஒரே நோயாளியின் வரலாறு மூன்று மாநிலங்களில், மூன்று மொழிகளின் முத்திரைகளுடன் சிதறிக் கிடக்கிறது. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி 2022ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பட்ட பின், கீழே செல்ல வேண்டிய தேவை சில நோய்களுக்குக் குறைந்துள்ளது. எனினும் ஒரு மருத்துவமனையின் கணினியில் உள்ளதை இன்னொரு மருத்துவமனையின் கணினி தானாக அறிந்துகொள்ளும் நிலை இன்னும் முழுமையாக வரவில்லை. இந்த இடங்கள் அனைத்துக்கும் சென்று வருபவர் நோயாளி ஒருவரே. ஆகவே ஆவணங்களை ஓரிடத்தில் சேர்க்கும் பணியும் அவரையும் அவரது வீட்டாரையும் சார்ந்ததாகிறது.

பழைய தாள் எதற்கு?

"பழசு எதுக்கு டாக்டர், புதுசா ஒரு டெஸ்ட் எடுத்துடலாமே" என்று கேட்பவர்கள் பலர். புதிய பரிசோதனை இன்றைய நிலையை மட்டுமே கூறும். இன்றைய நிலை புதியதா, பழையதா என்பதை முந்தைய அறிக்கை இல்லாமல் அறிய முடியாத நேரங்கள் உள்ளன.

சிறுநீரகத்தை எடுத்துக்கொள்வோம். வயிற்றுப்போக்குடன் ஒருவர் வருகிறார். இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு 1.8 மில்லிகிராம். சென்ற மாதம் அது 0.9 ஆக இருந்தது என்று ஓர் அறிக்கை காட்டினால், இது திடீர்ப் பாதிப்பு. நீர்ச்சத்தை ஈடுசெய்து, உரிய மருந்துகளை நிறுத்தினால் பெரும்பாலும் மீட்க முடியும். அதனால் உடனே உள்நோயாளியாகச் சேர்த்துக் கண்காணிப்போம். மாறாக, இரண்டாண்டுகளாகவே 1.7, 1.8 என்று இருந்து வருகிறது என்றால் அது நாட்பட்ட சிறுநீரக நோய், வழி வேறு. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் பாதிப்பையே நாட்பட்டது என்கிறோம். ஆகவே மூன்று மாதங்களுக்கு முந்தைய ஒரேயொரு தாள் இந்தக் கேள்விக்கு விடையளித்துவிடும். அது இல்லாவிட்டால் ஸ்கேன், மறுபரிசோதனை, காத்திருப்பு என்று நாட்கள் செல்லும்.

ஈசிஜி இன்னும் கூர்மையான உதாரணம். நள்ளிரவில் நெஞ்சு வலியுடன் வருபவரின் ஈசிஜியில் ஒரு மாற்றம் தெரிகிறது. ஐந்தாண்டுகளுக்கு முன் எடுத்த ஈசிஜியிலும் அதே மாற்றம் இருந்தது என்றால் நாங்கள் எண்ணிப் பார்ப்பது ஒன்று. அது இன்றுதான் தோன்றியது என்றால் எண்ணிப் பார்ப்பது வேறொன்று. அந்த முடிவை நிமிடக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். இதயக் கோளாறு ஏதுமில்லாதபோது எடுத்த ஈசிஜியைக்கூடப் பத்திரப்படுத்துங்கள் என்று நாங்கள் கூறுவதற்குக் காரணம் இதுவே.

நுரையீரல் படத்தில் ஒரு சிறு முடிச்சு தெரிந்தால் குடும்பமே கலங்கிவிடுகிறது. திடமான ஒரு சிறு முடிச்சு இரண்டாண்டுகளாக அளவு மாறாமல் இருந்து வருகிறது என்பதைப் பழைய சிடி ஸ்கேன் காட்டினால், அது பெரும்பாலும் தீங்கற்றது என்ற முடிவுக்கு வர முடியும். ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டிய நிலை தவிர்க்கப்படலாம். முன்பு காசநோய் வந்து குணமானவர்களின் நெஞ்சுப் படத்தில் தழும்பு நிலைத்திருக்கும். பழைய படம் கையில் இல்லையெனில் அத்தழும்பைப் புதிய நோய் என்று ஐயுற நேரிடும்.

நம் மலைக்கே உரிய ஒன்று, அரிவாள் செல் இரத்தசோகை. நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் மரபுக்கூறு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இந்தியாவில் இது குறித்து வெளிவந்த மிகத் தொடக்ககால அறிக்கைகளுள் அது ஒன்று. கூடலூரில் அஷ்வினியும் கோத்தகிரியில் நாவாவும் நெடுங்காலமாக இந்நோயாளிகளுக்காகப் பணியாற்றி வருகின்றன. 2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் செல் இரத்தசோகை ஒழிப்பு இயக்கம், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதை இலக்காகக் கொண்டது. பரிசோதிக்கப்பட்டவர்களுக்கு முடிவைக் குறித்த அட்டை வழங்கப்படுகிறது. அந்த அட்டையைப் படமெடுத்து வைப்பது மிக அவசியம். ஒருவர் மரபுக்கூற்றை மட்டும் தாங்கியவரா, நோயுடையவரா என்பது வாழ்நாள் முழுவதும் மாறாத செய்தி. அதைக் கண்டறியும் பரிசோதனையை, அண்மையில் பிறர் இரத்தம் ஏற்றப்பட்ட ஒருவருக்கு மீண்டும் செய்தால் முடிவு தவறான எண்ணத்தைத் தரக்கூடும். எனவே முதன்முதலில் செய்த பரிசோதனையின் தாளுக்கு மதிப்பு அதிகம். நோயுடையவர்களுக்கு, நலமாக இருக்கும் நாட்களில் ஹீமோகுளோபின் எவ்வளவு, எப்போதெல்லாம் இரத்தம் ஏற்றப்பட்டது, ஹைட்ராக்சியூரியா எந்த அளவில் உட்கொள்கிறார் ஆகிய மூன்றும் எழுதி இருந்தால், வலியால் துடித்துக்கொண்டு வரும் இரவில் அவரைக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எவற்றை வைத்துக்கொள்வது, எவற்றை விடுவது?

வைத்துக்கொள்ள வேண்டியவை முதலில். ஒவ்வொரு முறை மருத்துவமனையில் தங்கியதற்குமான டிஸ்சார்ஜ் சம்மரி. அறுவைச் சிகிச்சைக் குறிப்பு. சதைப் பரிசோதனை அறிக்கை. எக்கோ, ஆஞ்சியோகிராம் அறிக்கைகள். ஸ்டென்ட், பேஸ்மேக்கர், செயற்கை மூட்டு போன்றவை பொருத்தப்பட்டிருந்தால் அவற்றுக்கான அட்டை. ஒவ்வாமை ஏற்பட்ட மருந்தின் பெயர். இரத்தம் ஏற்றிய விவரம். இவை எத்தனை ஆண்டுகள் ஆனாலும் பழையதாவதில்லை. ஸ்டென்ட் வைத்த தேதி தெரியாமல், பல் பிடுங்குவதற்கோ குடலிறக்க அறுவைக்கோ இரத்தம் உறையாமைக்கான மருந்துகளை நிறுத்தலாமா என்பதைத் தீர்மானிப்பது கடினம். பேஸ்மேக்கர் எவ்வகையைச் சேர்ந்தது என்பது தெரியாமல் எம்ஆர்ஐ எடுக்க முடியாது.

அடுத்து, ஓடிக்கொண்டே இருக்கும் எண்கள்: மூன்று மாதச் சர்க்கரை அளவு, கிரியாட்டினின், ஹீமோகுளோபின், தைராய்டு, வார்ஃபரின் உட்கொள்வோருக்கு ஐஎன்ஆர். இவற்றில் ஒவ்வொரு தாளையும்விட அவற்றின் வரிசையே எங்களுக்குப் பயன்படுகிறது. நான்கு ஆண்டுகளில் வந்த இருபது தாள்களைக் காட்டுவதைவிட, தேதியையும் எண்ணையும் ஒரு தாளில் இரண்டு பத்திகளாக எழுதிக் காட்டுவது மேல். வெளிநாட்டில் பிள்ளைகளுடன் தங்கிச் சோதனை செய்துவந்தவர்கள் அலகையும் சேர்த்தெழுதுங்கள். அங்கே சர்க்கரை 7.0 என்று எழுதப்பட்டிருப்பதும் இங்கே 126 என்று எழுதப்பட்டிருப்பதும் ஒன்றே. அலகு இல்லாவிட்டால் 7.0 என்பதை மூன்று மாதச் சர்க்கரை என்று எண்ணிவிட வாய்ப்புண்டு.

மூன்றாண்டுகளுக்கு முன் வந்து போன காய்ச்சலுக்கான இரத்த அணு எண்ணிக்கை, மருந்துக் கடை ரசீதுகள் (காப்பீட்டுக்குத் தேவையில்லை என்றால்), ஒரே அறிக்கையின் நான்கு நகல்கள் ஆகியவற்றை ஒதுக்கிவிடலாம். தாளைத் தூக்கி எறிய மனம் வராதவர்கள் 'பழையவை' என்று ஒரு தனிக் கோப்புறையில் போட்டுவிடுங்கள். முதன்மைக் கோப்புறையில் மட்டும் வேண்டாம்.

தாளிலிருந்து கைப்பேசிக்கு

ஈசிஜி அச்சாகும் தாள் பெரும்பாலும் வெப்பத்தால் எழுத்து தோன்றும் வகை. வெளிச்சமும் சூடும் பட்டால் சில ஆண்டுகளில் வெளிறிவிடும். நம் ஊரின் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வீட்டுச் சுவரையே பூசணம் பிடிக்கச் செய்யும்போது, பீரோவின் அடித்தட்டில் உள்ள எக்ஸ்-ரே படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போவதில் வியப்பில்லை. தாள் கிடைத்த அன்றே படமெடுத்துவிடுவது நல்லது. அசலையும் உலர்ந்த உறையில் வைத்திருங்கள். கைப்பேசிப் படம் அசலுக்கு மாற்றல்ல.

சாதாரணக் கேமராவைவிட, ஆவணங்களை ஸ்கேன் செய்யும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் கூகுள் டிரைவ் செயலியிலும், ஐபோனில் நோட்ஸ் செயலியிலும் இவ்வசதி கட்டணமின்றி உள்ளது. அது தாளின் விளிம்பைத் தானே கண்டறிந்து, சாய்வை நேராக்கி, நிழலைக் குறைத்து, பல பக்கங்களை ஒரே பிடிஎஃப் கோப்பாகச் சேர்த்துத் தருகிறது. பத்துப் பக்க டிஸ்சார்ஜ் சம்மரி பத்துத் தனிப் படங்களாக இருப்பதற்கும் ஒரே கோப்பாக இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை, மூன்றாம் பக்கம் தொலைந்துபோன சம்மரியைப் படிக்க நேர்ந்தவர்கள் அறிவர். மருந்துப் பட்டியல் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும், தொலைவதும் அதுவே.

ஏற்கெனவே எடுத்து வைத்த படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றாகக் கையாள வேண்டியதில்லை. படத்தொகுப்பைத் திறந்து ஒரு படத்தின்மீது விரலைச் சற்று அழுத்திப் பிடித்தால் அது தேர்வாகும். பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டால் அவையும் சேர்ந்துகொள்ளும். இவ்வாறு மருத்துவத் தாள்களை எல்லாம் ஒருசேரத் தேர்ந்தெடுத்து, முதலில் ஒரு தனி ஆல்பத்துக்கு மாற்றிவிடுங்கள். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் போதும். அடுத்த சுற்றில் அந்த ஆல்பத்துக்குள் நோயாளி வாரியாகவும் மருத்துவமனை வாரியாகவும் பிரிக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க முயல்பவர்கள் பாதியில் சலித்து விட்டுவிடுவதையே நாங்கள் மிகுதியாகக் கண்டிருக்கிறோம்.

வாட்ஸ்அப் பற்றித் தனியே கூற வேண்டும். அது அனுப்பும் வழி, சேமிக்கும் இடமன்று. படமாக அனுப்பினால் அளவு பல மடங்கு சுருக்கப்படும். சிறு எழுத்திலுள்ள மருந்து அளவு மங்கிப்போகும். அதையே 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் சுருங்காது. தானாக மறையும் செய்திகள் என்ற வசதி இயக்கத்தில் இருந்தால் அனுப்பிய அறிக்கையும் உரையாடலிலிருந்து மறைந்துவிடும். ஆய்வகங்கள் குறுஞ்செய்தியில் அனுப்பும் இணைப்புகளும் பல இடங்களில் சில நாட்களில் செயலற்றுப் போகின்றன. இணைப்பு வந்த அன்றே கோப்பைப் பதிவிறக்கி, பெயரிட்டு, உரிய இடத்தில் வைத்துவிடுங்கள்.

பெயரிடுவதில் இருக்கிறது பாதி வேலை

கைப்பேசி தானாக வைக்கும் நீண்ட எண்களைக் கொண்டு எதையும் தேட இயலாது. கோப்பின் பெயரில் ஆண்டை முதலில், பின்னர் மாதம், பின்னர் நாள் என்று எழுதுங்கள்: '2024-03-15 கோவை எக்கோ', '2024-11-05 உதகை டிஸ்சார்ஜ்'. இவ்வாறு எழுதினால் பெயர் வரிசைப்படி அடுக்கும்போது கால வரிசையும் தானாக அமைந்துவிடும். நாளை முதலில் எழுதினால் 2021ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் அறிக்கையும் 2024ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அறிக்கையும் அடுத்தடுத்து வந்து நிற்கும். மாதத்துக்கு 3 என்று எழுதாமல் 03 என்று இரு இலக்கமாக எழுதுவதும் இதே காரணத்துக்காகவே. தமிழில் பெயரிட்டாலும் கைப்பேசி தேடித் தரும். ஒரே சொல்லை எப்போதும் ஒரே மாதிரி எழுதினால் போதும். ஒருமுறை 'ரத்தம்', இன்னொரு முறை 'இரத்தம்' என்று எழுதினால் தேடல் பாதியைத்தான் காட்டும்.

ஒருவருக்கு ஒரு கோப்புறை. தாத்தா, பாட்டி இருவருக்கும் சர்க்கரை நோய் இருக்கும் வீட்டில் அறிக்கைகள் கலந்துவிடும் அபாயம் உண்மையானது. நம் பெயர்களின் இயல்பு இதை இன்னும் சிக்கலாக்குகிறது. ஆதாரில் முன்னெழுத்து பெயருக்குப் பின்னால், ரேஷன் அட்டையில் முன்னால், ஆய்வக அறிக்கையில் முன்னெழுத்தே இல்லாமல், ஒரு மருத்துவமனையில் கணவர் பெயரும் சேர்ந்து நீளமாக! லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நான்கு ஆய்வகங்கள் நான்கு விதமாக எழுதும். காப்பீட்டு அனுமதி இதனால் தாமதமாகிறது. பதிவுச் சீட்டு போடும் இடத்திலேயே ஆதாரில் உள்ளவாறு பெயரையும் வயதையும் எழுதச் சொல்லி, அச்சாகி வந்ததும் அங்கேயே சரிபார்த்துவிடுங்கள். பின்னர் திருத்துவதற்கு அலைய வேண்டியிருக்கும்.

ஸ்கேன் படங்கள் தனி வகை

சிடி ஸ்கேன், எம்ஆர்ஐ ஆகியவற்றில் அறிக்கை வேறு, படம் வேறு. ஒரு நெஞ்சு சிடி ஸ்கேனில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். எங்களுக்குத் தரப்படும் பெரிய பிலிமில் அவற்றில் சிலவே அச்சிடப்பட்டிருக்கும். அந்த பிலிமைச் சன்னலில் பிடித்துக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவதால் முடிவு எடுக்கும் அளவுக்குப் பயன் இல்லை. ஏதோ ஓர் உறுப்பை எடுத்திருக்கிறார்கள் என்பது மட்டுமே தெரியும். ஸ்கேன் மையத்தில் குறுவட்டோ இணைப்போ கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள கோப்புகள் டைகாம் என்னும் உலகப் பொதுத் தரத்தில் இருக்கும். இப்பெயர் 1993 முதல் வழங்குகிறது. எந்த நிறுவனத்தின் இயந்திரத்தில் எடுத்தாலும் எந்த மருத்துவமனையிலும் திறந்து, பெரிதாக்கி, அளந்து பார்க்க முடியும். குறுவட்டிலிருந்து பென் டிரைவுக்கு மாற்றும்போது சில கோப்புகளை மட்டும் தேர்ந்தெடுக்காமல் முழுவதையும் அப்படியே நகலெடுக்க வேண்டும். புரியாத பெயருடன் உள்ள சிறு கோப்பொன்று மற்றவற்றின் அட்டவணையாக இருக்கக்கூடும்.

ஒரு பக்கச் சுருக்கம்

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்பவர்கள் இதைச் செய்யுங்கள். ஒரே பக்கத்தில் கையால் எழுதினாலும் போதும்: பெயர், வயது, இரத்தப் பிரிவு, அவசரத்தில் அழைக்க வேண்டியவரின் எண், இருக்கும் நோய்களும் அவை கண்டறியப்பட்ட ஆண்டும், நடந்த அறுவைச் சிகிச்சைகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், இப்போது உட்கொள்ளும் மருந்துகள், அவற்றின் அளவு, வேளை, கடைசியாக எடுத்த முக்கிய எண்கள். மருந்தை 'வெள்ளை மாத்திரை, சின்னது' என்று எழுதாமல் அட்டையில் உள்ள பெயரைப் பார்த்து மில்லிகிராமுடன் எழுதுங்கள். நாட்டு மருந்து, சித்த மருந்து, ஹோமியோபதி எதையாவது எடுத்தால் அதையும் மறைக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். பக்கத்தின் மேல் மூலையில் எழுதிய தேதி இருக்கட்டும். மருந்து மாறும்போது இதையும் மாற்ற வேண்டும். பழைய சுருக்கம் புதிய மருத்துவரைத் திசைதிருப்பும்.

புதிய மருத்துவரிடம் செல்லும்போது இந்தப் பக்கம் முதலில், அண்மைய டிஸ்சார்ஜ் சம்மரி அடுத்து, அதன்பின் அன்று செல்லும் காரணத்தோடு தொடர்புடைய மூன்று நான்கு அறிக்கைகள். மற்றவை கைவசம் இருக்கட்டும். கேட்டால் மட்டும் காட்டுங்கள். நாற்பது படங்களை முதல் நாள் இரவே மருத்துவரின் எண்ணுக்கு அனுப்பிவைப்பதால் அவர் அவற்றைப் படித்துவிடுவார் என்று எண்ண வேண்டாம்.

அரசின் டிஜிட்டல் வழிகள்

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்டது. அதன்கீழ் வழங்கப்படும் ஆபா எண் 14 இலக்கங்கள் கொண்டது. பெறுவது கட்டாயமன்று, கட்டணமும் இல்லை. இந்த எண்ணைப் பெற்றவுடன் நம் அறிக்கைகள் அனைத்தும் ஏதோ ஓர் அரசுக் கணினியில் போய்ச் சேர்ந்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர்; இனி ஒரு தாளும் எடுத்துச் செல்ல வேண்டியதில்லை என்று சிலர் மகிழ்கின்றனர். இரண்டும் சரியன்று. அறிக்கை அது உருவான மருத்துவமனையிலேயே இருக்கும். வேறொரு மருத்துவர் பார்க்க விரும்பினால் உங்கள் கைப்பேசிக்கு அனுமதிக் கோரிக்கை வரும். எவற்றை, எவ்வளவு காலத்துக்குக் காட்டலாம் என்பதை நீங்களே வரையறுக்கலாம். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் முடியும். இத்திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளின் அறிக்கைகள் மட்டுமே இவ்வாறு வரும். தோட்ட மருந்தகத்தின் 2009ஆம் ஆண்டுச் சீட்டை நீங்களே படமெடுத்துச் சேர்த்தால்தான் உண்டு.

2015இல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கரில் அரசுத் துறைகள் நேரடியாக வழங்கும் ஆதார் போன்ற ஆவணங்கள் அசலுக்கு நிகராகக் கருதப்படுகின்றன. நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றும் தாளுக்கு அந்தத் தகுதி கிடையாது. பாதுகாப்பான பெட்டி என்ற அளவில் பயன்படும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழியிருப்பதால், அதற்கான அட்டையும் குடும்ப அட்டையும் ஆதாரும் ஒரே கோப்புறையில் இருப்பது நள்ளிரவு அலைச்சலைக் குறைக்கும்.

பழைய தாள் தொலைந்துவிட்டால் மனம் தளர வேண்டாம். இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, உள்நோயாளிகளின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவரால் அனுமதிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, உள்நோயாளி எண்ணைக் குறிப்பிட்டால் தேடுவோருக்கும் எளிது. மூன்றாண்டு முடியும்வரை காத்திருக்காதீர்கள்.

யார் பார்க்கலாம்?

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிக்கையைப் போட்டுவிடும் பழக்கம் பெருகியுள்ளது. அக்கறையினால் செய்வதுதான். எனினும் மனநலச் சிகிச்சை, கருத்தரிப்புச் சிகிச்சை, எச்.ஐ.வி. தொடர்பான தாள்கள் நோயாளியின் இசைவின்றி ஒருவருக்கும் செல்லக் கூடாது. எச்.ஐ.வி. நிலையைக் காத்து வைப்பதற்கென்றே 2017ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. பிடிஎஃப் கோப்புகளை இணைத்துத் தருவதாகக் கூறும் முன்பின் அறியாத இணையத்தளங்களில் ஆதாரையும் அறிக்கையையும் ஏற்ற வேண்டாம். கைப்பேசியிலேயே அந்த வேலை முடியும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் அறிக்கையைக் கொடுத்து விளக்கம் கேட்பவர்கள் பெயரும் எண்ணும் உள்ள பகுதியை மறைத்துவிட்டுக் கேளுங்கள்; அது சொன்னதை எங்களிடமும் சொல்லுங்கள். காப்பீடு அலுவலகம் என்று கூறி ஓடிபி கேட்டால் கொடுக்க வேண்டாம்; பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

மறைப்பது போலவே முக்கியம், தேவையானபோது திறப்பதும். நோயாளி நினைவிழந்திருக்கும்போது அவரது கைப்பேசி பூட்டிக் கிடந்தால் உள்ளே எவ்வளவு ஒழுங்காக இருந்தும் பயனில்லை. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அவசர மருத்துவத் தகவல் என்ற பகுதி உள்ளது. இரத்தப் பிரிவு, ஒவ்வாமை, மருந்துகள், தொடர்பு எண் ஆகியவற்றை அதில் நிரப்பிவைத்தால் பூட்டைத் திறக்காமலே மற்றவர்கள் பார்க்க முடியும். வீட்டில் இன்னொருவரின் கைப்பேசியிலும் அதே கோப்புறை இருக்கட்டும்.

இறுதியாக மலைப்பாதை. உதகையிலிருந்து கோவை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். குன்னூர் இறக்கத்தின் கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வரும், போகும். மண்சரிவு ஏற்படும் மழைநாட்களில் மின்சாரமும் கோபுரமும் சேர்ந்தே ஓய்ந்துவிடும். டிரைவில் மட்டும் வைத்திருக்கும் கோப்பு அந்நேரத்தில் திறக்காது. ஒரு பக்கச் சுருக்கத்தையும் அண்மைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் இணையம் இல்லாமலே திறக்கும்படி கைப்பேசிக்குள் பதிவிறக்கி வைத்திருங்கள். அச்சிட்ட ஒரு பிரதி பர்ஸிலோ மருந்துப் பையிலோ இருக்கட்டும். 108 ஊர்தியில் ஏறும்போது பரிந்துரைக் கடிதத்துடன் அந்தத் தாளையும், கைப்பேசிக்கான சார்ஜரையும் உடன் செல்பவரின் கையில் கொடுத்துவிடுங்கள்.